வாசலில் நிற்கும் பிள்ளை
(பாலர் பாடசாலை ஆசிரியைக்கு வேண்டிய பயிற்சி பற்றி)

தை மாதம் பிறந்து புதிய தவணை தொடங்கும்போது நம்முடைய பாலர் பாடசாலை வாசல்களெல்லாம் ஒரே கலகலப்பாக இருக்கும். புதுச் சப்பாத்து, தோளிலே தண்ணீர்ப் போத்தல், தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழும் குரல்கள். அந்தக் கூட்டத்திலே சில வேளைகளில் ஒரு தாய் சற்று ஒதுங்கி நிற்பாள். அவளுடைய மகனுக்கு நான்கு வயது நிரம்பிவிட்டது. இன்னும் கதை வரவில்லை. ஆசிரியை அவளிடம் இரக்கத்தோடுதான் சொல்லுவார்: “அம்மா, பிள்ளை கொஞ்சம் கதைக்கத் தொடங்கட்டும். பிறகு கூட்டிக்கொண்டு வாங்கோ.” தாய் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவாள். அடுத்த வருடமும் அவள் அந்த வாசலுக்கு வருவாளா என்பது நிச்சயமில்லை.

கதைக்கத் தொடங்கட்டும் என்றால் எங்கே தொடங்குவது? வீட்டிலே அம்மம்மாவும் அவனும் மாத்திரம். அவன் கையை நீட்டுமுன்பே அவனுக்கு வேண்டியதை அம்மம்மா எடுத்துக் கொடுத்துவிடுவார். தன் வயதுப் பிள்ளைகள் இருபது பேர் சத்தமிட்டு விளையாடும் இடமல்லவா அவனுக்குக் கதை பிறக்கும் இடம்! எதற்காக அவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமோ, அதையே காரணமாகச் சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

அந்த ஆசிரியை கல்நெஞ்சக்காரி அல்லர். அவருக்குப் பயம். அவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்து வளர்க்கக்கூடிய ஆசிரியைக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை இங்கே சிறிது நோக்குவோம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இந்தத் தொழிலை எண்ணிப் பார்க்கும் பெண்பிள்ளைகளுக்கு மாத்திரமன்றி, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது உதவும். இதனை இப்போது ‘உட்படுத்தற் கல்வி’ என்கிறார்கள். பெயர் புதிது, காரியம் அவ்வளவு புதிதன்று.

மொன்ரிசோரி கற்ற இடம்

நமது நாட்டில் பாலர் பாடசாலை என்ற சொல்லுக்குப் பதிலாகவே ‘மொன்ரிசோரி’ என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குரிய மரியா மொன்ரிசோரி அம்மையார் ஆசிரியையாகத் தொடங்கியவர் அல்லர், வைத்தியர். 1870இல் இத்தாலியில் பிறந்து, 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வமாக இருந்த காலம் அது. இளம் வைத்தியராக அவர் உரோமையின் மனநோய் விடுதிகளுக்குப் போனபோது, புத்தி மந்தமானவர்கள் என்று சொல்லிப் பிள்ளைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அங்கே அடைத்து வைத்திருப்பதைக் கண்டார். அப்படியான ஓர் அறையைப் பற்றி ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் நிலத்தில் விழுந்து பாண் துணிக்கைகளைப் பொறுக்குவார்களாம். பராமரித்த பெண் அதை அருவருப்போடு காட்டினாளாம். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் கையில் எடுத்து விளையாட அங்கே ஒரு பொருள்கூட இல்லை. அவர்கள் தேடியது உணவையல்ல, கைக்கு ஒரு வேலையை என்று அவர் விளங்கிக்கொண்டார்.

பின்பு அவர் பழைய நூல்களைத் தேடினார். பிரான்சிலே காட்டில் பிடிபட்ட, பேச்சில்லாத ஒரு சிறுவனுக்கு 1800ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் கற்பிக்க முயன்ற இத்தார் என்ற வைத்தியரையும், அவர் வழியில் வந்த செகேன் என்பவரையும் கற்றார். செகேனுடைய பெரிய நூலைத் தம் கையாலேயே இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார் என்றால் அவருடைய ஊக்கத்தை அறிந்துகொள்ளலாம். 1900இல் உரோமையில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென ஒரு பாடசாலை தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு அவருக்கும் வந்தது. அங்கே படித்த பிள்ளைகள் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தார்கள். ஊரெல்லாம் வியந்தது. அம்மையாருக்கோ வேறொரு வியப்பு: இவர்களே இவ்வளவு செய்ய முடியுமானால், சுகதேகிகளான பிள்ளைகளை இந்த மட்டத்திலேயே நிறுத்தி வைத்திருப்பது எது?

அந்தக் கேள்வியின் விளைவாகத்தான் 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, சான் லொறென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் முதலாவது ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் தொட்டு விளையாடும் உருளைக் கட்டைகளும், அரத்தாள் எழுத்துக்களும், பொத்தான் பூட்டும் சட்டங்களும், எந்தப் பாடசாலையும் ஏற்காத பிள்ளைகளிடமிருந்து கற்றவற்றின் பயனாகும். அவர்களால் உண்டான முறையைப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு, அவர்களையே வாசலில் நிறுத்துவது எவ்வளவு பொருந்தாத காரியம் என்பதை வாசகர்களே யோசித்துப் பாருங்கள்.

அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலக யுத்தத்தினால் 1946வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அக்காலத்தில், 1944இல், இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளுக்கு வகுப்பு நடத்தினார். ஆகவே இந்த விதை நம் மண்ணிலும் அவர் கையாலேயே விழுந்தது.

முதற் பயிற்சி: பேசாமல் இருந்து பார்த்தல்

நல்ல பயிற்சி நெறிகளில் மாணவ ஆசிரியைக்கு முதலில் கொடுக்கப்படுவது பாட்டும் அன்று, படமும் அன்று. ஒரு கொப்பியும் ஒரு கதிரையும். வகுப்பின் மூலையில் அமர்ந்து, ஒரு பிள்ளையை மாத்திரம் பார்த்து, கண்டதை எழுத வேண்டும். நினைத்ததை எழுதக் கூடாது. இது சொல்லச் சுலபம். “இவன் குழப்படி” என்று எழுதுவது நினைத்தது. “பத்து நிமிடத்தில் நான்கு முறை எழுந்து யன்னலடிக்குப் போனான், ஒவ்வொரு முறையும் மணி அடித்த பின்பே போனான்” என்று எழுதுவது கண்டது. முதலாவதை வைத்துக்கொண்டு பிள்ளையை ஏசலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை வைத்துக்கொண்டு மணியை மாற்றிப் பார்க்கலாம்.

இந்தப் பழக்கம் கைவந்த ஆசிரியைதான் கதை வராத பிள்ளையைப் பற்றிச் சரியான கேள்வியைக் கேட்பார். அவன் கூப்பிட்டவுடன் திரும்புகிறானா? முதுகுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாலும் திரும்புகிறானா? சொல்லுகிறவரின் வாயையே உற்றுப் பார்க்கிறானா? கதை பிந்தும் பிள்ளைக்கு முதலில் செவியைச் சோதிப்பிக்க வேண்டும் என்பது ஒவ்வோர் ஆசிரியையும் மனத்தில் இருத்த வேண்டிய விதி. தடிமன் அடிக்கடி பிடிக்கும் சிறுபிள்ளைகளுக்கு நடுக்காதிலே நீர் தங்கி, சில காலம் கேள்வி மந்தமாவது சாதாரணமாக நிகழ்வது. அதை அறியாமல் “சொல்வழி கேளாத பிள்ளை” என்று நாம் பெயர் சூட்டிவிடுகிறோம்! அந்தச் சொல்லே உண்மையாயிருப்பதை நாம் கவனிப்பதில்லை.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. நோயின் பெயர் சொல்லுவது வைத்தியரின் வேலை, ஆசிரியையின் வேலையன்று. பிள்ளை பிறந்தபோது கொடுத்த சுகாதார விருத்திப் பதிவேடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. தடுப்பூசித் திகதி பார்க்க மாத்திரம் அதைத் திறக்கிறோம். எந்த வயதில் பிள்ளை இருக்கும், நடக்கும், சொற்களைச் சேர்த்துப் பேசும் என்ற விபரமும் அதில் உண்டு. ஆசிரியை தாம் எழுதி வைத்த குறிப்பைத் தாயிடம் கொடுத்து, அந்தப் பதிவேட்டோடு குடும்பநல உத்தியோகத்தரிடமோ சிகிச்சை நிலையத்துக்கோ போகச் சொல்லலாம். வைத்தியருக்கும் அந்தக் குறிப்பு பேருதவியாக இருக்கும். ஏனெனில் அவர் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடம், ஆசிரியை பார்ப்பது நாள்தோறும்.

செலவில்லாத திருத்தங்கள்

“எங்களிடம் வசதி இல்லை” என்பதுதான் அடிக்கடி கேட்கும் மறுமொழி. சில காரியங்களுக்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர் கண்ணுக்குப் பல காரியங்கள் காசில்லாமலே தெரியும்.

செவி மந்தமான பிள்ளைக்கு: ஆசிரியை யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் அவர் முகம் இருட்டாகிவிடும்; வெளிச்சம் தம் முகத்தில் விழும்படி நிற்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது. கத்தவும் வேண்டாம்; கத்தும்போது வாயின் வடிவம் மாறிவிடுகிறது.

பார்வை குறைந்த பிள்ளைக்கு “அங்கே வை”, “இங்கே வா” என்ற சொற்களால் பயனில்லை. “உன்னுடைய வலது கைப்பக்கம்” என்று சொல்ல வேண்டும். மேசை கதிரைகளை இடம் மாற்றினால் அவனைக் கூட்டிச் சென்று தொட்டுக் காட்ட வேண்டும். படங்களுக்குத் தடித்த கறுப்புக் கோடு போட்டால் போதும். அது மற்றப் பிள்ளைகளுக்கும் வடிவாகத்தான் இருக்கும்.

கை கால் இறுகிய பிள்ளை கதிரையில் இருக்கும்போது பாதம் அந்தரத்தில் தொங்கினால் உடம்பைச் சமாளிப்பதிலேயே அவன் பலமெல்லாம் போய்விடும். காலடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துப் பாதம் ஊன்றச் செய்தால் கைகள் வேலைக்கு வரும். தூரிகைப் பிடியில் பழந்துணியைச் சுற்றித் தடிப்பாக்கலாம். கோப்பையின் கீழ் ஈரத்துணி விரித்தால் கோப்பை நகராது. வாசற்படிக்குச் சரிவு போடுவதானால் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி வேண்டும். பல இடங்களில் இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, சரிவு போட்டாயிற்று என்கிறார்கள். அதில் உருள் நாற்காலி ஏறாது. ஏறினால் பின்புறமாக விழும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் திடீர் மாற்றமும் பெருஞ் சத்தமும் பொறுக்க முடியாதவை. அன்றைய வேலைகளை வரிசையாகப் படம் வரைந்து சுவரில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றும் முடிய ஒவ்வொன்றாகக் கழற்றினால், அடுத்து என்ன வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். அந்தத் தெரிவே பாதி அழுகையைக் குறைக்கும். ஒரு பாயை விரித்து அமைதியான மூலை ஒன்றும் வைத்துக்கொண்டால், சத்தம் தாங்காத நேரத்தில் அவன் அங்கே போய் இருக்கலாம். அது தண்டனை மூலையாகிவிடக் கூடாது.

மூன்று படியும் கடைசிப் படியும்

கற்பிக்கும் முறையிலே இரண்டு காரியங்களை விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று செகேனிடமிருந்து மொன்ரிசோரி அம்மையார் எடுத்துக்கொண்ட மூன்று படிப் பாடம். முதற் படி: “இது நீலம், இது சிவப்பு.” இரண்டாம் படி: “நீலத்தை எனக்குத் தா. சிவப்பைக் கதிரையில் வை.” மூன்றாம் படி: “இது என்ன?” பயிற்சியில்லாத ஆசிரியை முதற் படியிலிருந்து மூன்றாம் படிக்குத் தாவிவிடுவார். பிள்ளை வாய் திறவாதபோது, “இவனுக்குத் தெரியாது” என்று முடிவு கட்டுவார். கதை வராத பிள்ளைக்கு மூன்றாம் படியில் விடை சொல்ல வாயில்லை; இரண்டாம் படியில் விடை சொல்லக் கையும் கண்ணும் உண்டு. ஆகவே இரண்டாம் படியிலேயே நாட்கணக்கில், மாதக்கணக்கில்கூட, விளையாட்டாக நிற்கலாம். அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று கண்டு தாயே வியப்பாள்.

மற்றொன்று வேலையைச் சிறு படிகளாக உடைத்தல். காற்சட்டை போடுவது நமக்கு ஒரே வேலை; மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு அது ஏழெட்டு வேலை. அவற்றை முதலிலிருந்து கற்பித்தால் பாதியிலே சலித்துப்போவான். எனவே எல்லாப் படிகளையும் நாமே செய்து, கடைசிப் படியை மாத்திரம், அதாவது முழங்காலிலிருந்து இடுப்புவரை இழுப்பதை, அவனிடம் விட வேண்டும். முதல் நாளிலேயே வேலையை முடித்தவன் அவனாகிறான். அது வசப்பட்டபின் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவது வீட்டிலும் செய்யக்கூடியது. காலையில் அவசரம் என்று எல்லாவற்றையும் நாமே செய்து முடிக்கும் தாய்மார் இதை ஞாயிற்றுக்கிழமையிலாவது செய்து பார்க்கலாம்.

அரிசியைப் பரப்பிப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பது நம்மவர் வழக்கம். அரத்தாள் எழுத்தின் கருத்தும் அதுவே: கண் படிக்குமுன் விரல் படிக்கிறது. அதை ஒரு நாள் சடங்காகச் செய்துவிட்டு மறுநாளே மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து ஆங்கில எழுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுகிறோமே, அதுதான் விளங்கவில்லை. இந்த ஓட்டத்தில் முதலில் பின்தங்கி விழுகிறவன் மெதுவாகக் கற்கும் பிள்ளையே. அவனுக்கு வீட்டு மொழியை நிறுத்தி ஆங்கிலம் மாத்திரம் பேசுங்கள் என்று ஆலோசனை சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டு மொழி அவனைக் குழப்புவதில்லை. தாய் தன் நெஞ்சறிந்த மொழியில் பேசினால்தான் அதிகம் பேசுவாள். அவனும் அதிகம் கேட்பான்.

பெற்றோரும் மற்றப் பிள்ளைகளும்

குறையுள்ள பிள்ளையைப் பெற்ற தாய் எத்தனை பேருடைய வாயில் விழுந்தாள் என்பதை ஊர் அறியும். கிரகணத்தில் வெளியே போனாளாம், முன்னோர் பாவமாம்! டவுண் நோய்க்குறி உள்ள பிள்ளையின் உடற் கலங்களில் 47 நிறமூர்த்தங்கள் இருப்பதைப் பாரிசில் ஜெரோம் லெஜேன், மார்த் கோத்தியே முதலானோர் 1959இல் வெளியிட்டார்கள். மற்றவர்களுக்கு 46. கருவாகும்போது நிகழும் இந்தக் காரியத்துக்கும் தாய் செய்த எதற்கும் சம்பந்தமில்லை. ஆசிரியை இதைத் தெளிவாக அறிந்திருந்தால், வாசலில் வரும் தாயிடம் பேசும் குரலே வேறாக இருக்கும். பயிற்சியில் இதற்கென ஒரு நல்ல பழக்கம் கற்பிக்கப்படுகிறது: பெற்றோரைச் சந்திக்கும்போது, பிள்ளை இந்தக் கிழமை செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்ல வேண்டும். செய்யாததைத் தாய் ஏற்கனவே அறிவாள்.

மற்றப் பிள்ளைகள் கேட்பார்கள்: “ரீச்சர், இவன் ஏன் கதைக்கிறானில்லை?” வாயை மூடு என்று அதட்டக் கூடாது; “பாவம்” என்றும் சொல்லக் கூடாது. “அவனுக்குக் கதை இன்னும் வரவில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவான், பாருங்கோ” என்றால் போதும், நான்கு வயதுக்காரருக்கு அதுவே நிறைவான விடை. நல்ல பிள்ளை ஒருத்தியைப் பிடித்து நாள் முழுவதும் அவனுக்குத் துணை வைப்பதும் தவறு. அவள் தாதியல்ல, அவனுக்கும் வேண்டியது தாதியல்ல, மண் வீடு கட்ட ஒரு கூட்டாளி.

எல்லாப் பிள்ளைக்கும் எப்போதும் பொதுப் பாலர் பாடசாலையே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. முற்றாகக் காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி வேண்டும். அந்த மொழியைப் பேசும் கூட்டாளிகளும் பெரியவர்களும் வேண்டும். 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பாடசாலையும், 1956இல் தொடங்கிய கைதடி நவீல்ட் பாடசாலையும் இத்தகைய பிள்ளைகளுக்குச் செய்த தொண்டு சிறிதன்று. அந்த ஆசிரியர்களின் அனுபவத்தை நம்முடைய சின்னப் பாலர் பாடசாலைகள் கேட்டறிவதில்லை என்பதுதான் குறை. சைகையில் பத்துச் சொற்களையாவது வகுப்பு முழுவதும் கற்றால் என்ன?

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, பொதுப் பாடசாலைகள் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்க வேண்டும் என்று அறிக்கை செய்தார்கள். நம் நாட்டின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமும், இயலாமை காரணமாக எந்தக் கல்வி நிலையத்திலும் அனுமதி வழங்குவதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. வாசலில் நின்ற அந்தத் தாய்க்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

பயிலப் போகிறவர்களுக்கு

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முதலாகச் சிறிய தனியார் நிலையங்கள் வரை பலவிதமான பயிற்சி நெறிகள் உள்ளன. பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உண்மையான வகுப்பறையில் எத்தனை நாள் நிற்க விடுவீர்கள்? குறையுள்ள பிள்ளைகளோடு பழகும் சந்தர்ப்பம் அதில் உண்டா? நான் கற்பிக்கும்போது யார் வந்து பார்த்துத் திருத்துவார்? சான்றிதழ் வடிவாக இருக்கும் என்று மாத்திரம் மறுமொழி வந்தால் வேறிடம் தேடுங்கள். சம்பளத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் பெற்றோர் கட்டும் சிறு தொகையிலிருந்தே அது வருகிறது, மிகவும் குறைவு. இருபது பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஆசிரியை என்றால் மேலே சொன்னவற்றில் பாதியும் நடவாது. ஓர் உதவியாளராவது கட்டாயம் வேண்டும். இதைப் பாடசாலையை நடத்துகிறவர்களும் பங்குச் சபைகளும் யோசிக்க வேண்டும். ஞாயிறு மறைப்பாடசாலை நடத்துவோருக்கும் இதே பேச்சுப் பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒன்று. ஆசிரியை அந்தத் தாயைத் திருப்பி அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். “அந்தப் பிள்ளையைச் சேர்த்தால் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள்” என்ற பயம் அது. மற்றவர்கள் என்பது நாம்தான். வருகிற தையிலே உங்கள் மகளைப் பதிய நீங்கள் போகும்போது, நல்ல கதையுள்ள, நன்றாக ஓடியாடும் அந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டே ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள்: “ரீச்சர், கதை வராத பிள்ளைகளையும் இங்கே சேர்க்கிறீங்களோ? அப்படிச் சேர்த்தால் எங்களுக்கு விருப்பம்.”